பல்லைக் கழற்றிய பிறகு சொன்னது

வேதமாணிக்கம் இறந்து ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாவட்ட நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்ல வந்தார். பத்து நிமிடம் தாமதம். அவர் மேல் குற்றமில்லை. அவர் இருந்த பெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வக்கீல் கோமதிநாயகம் ஆசைப்பட்டார். படத்தில் தம் தலை பெரிதாகவும் பெட்டி சிறிதாகவும் விழவேண்டும் என்பதால் நாலைந்து முறை எடுக்க வேண்டியிருந்தது.

பெட்டி ஒரு டிபன் கேரியர் உயரம் இருக்கும். முன்பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்குள் வேதமாணிக்கத்தின் முகம், கழுத்துவரை. உயிரோடு இருந்த காலத்தில் இத்தனை சாந்தமாக அந்த முகத்தை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

'நிரந்தரம்' என்ற கம்பெனியின் தயாரிப்பு அது. நீங்கள் போனில் பேசுவதையெல்லாம் உங்கள் சம்மதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பேச்சிலிருந்தே உங்களைப்போல யோசிக்கிற, உங்களைப்போல பதில் சொல்கிற ஒரு நகலைச் செய்து கொடுப்பார்கள். முதலில் ஜனங்கள் இதை அழுவதற்காகத்தான் வாங்கினார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்பா, தோப்பு யாருக்கு?" என்று கேட்டான். அப்பாவும் பதில் சொல்லிவிட்டார். அதிலிருந்து வழக்குகள் பெருகின. வழக்குகளிலிருந்து சட்டம் வந்தது. உயில் எழுதியபின் ஒருவர் மனம் மாறினாரா என்பதை அவருடைய நகலிடமே கேட்டு எடைபோடலாம் என்றது 'இறந்தோர் விருப்பமறி சட்டம்'. இருந்தவரையில் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்கப்படாத பெரியவர்களுக்கெல்லாம் செத்தபின் இந்த மரியாதை.

வேதமாணிக்கத்தின் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவர் பத்திர எழுத்தர். நாற்பது வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர். உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டுமா? வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்யாவிட்டால் செல்லாதா? செல்லும். சாட்சிக்கு உள்ளே எழுதியிருப்பது தெரியவேண்டுமா? வேண்டாம், கையெழுத்துப் போட்டதைப் பார்த்தால் போதும். நான் சம்பாதித்த வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாமா? எழுது, உன் இஷ்டம். இவ்வளவுதான் அவருடைய சட்ட ஞானம். இதையே கோமதிநாயகம் சொன்னால் மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடிப்பார்.

அப்படிப்பட்ட வேதமாணிக்கம் தன் உயிலைத் தன் கையாலேயே நாலு பக்கம் எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று குறித்து, கையெழுத்திட்டு வைத்திருந்தார். பாளையங்கோட்டை வீடும் மனையும் மூத்த மருமகள் ஜெபக்கனிக்கு. மற்ற அசையும் பொருள்கள் யாவும் இளைய மகன் ராஜசிங்குக்கு.

ஜெபக்கனிக்கு நாற்பத்தெட்டு வயது. கணவன் ஜெயசிங் இறந்து பதினோரு வருஷம். அந்த வீட்டின் முன்னறையில் அவள் பல் செட் செய்கிறாள். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் அளவு எடுத்து அனுப்ப, மெழுகிலும் பிளாஸ்டரிலும் வாய் உருவாக்கி, பல்லை ஒவ்வொன்றாக நட்டுக் கொடுப்பது அவள் வேலை. கூட நாலு பெண்கள். வீடு போனால் முன்னறை போகும், முன்னறை போனால் ஐந்து பேருடைய அடுப்பும் போகும். "வீட்ட விட்டு ஒரு செங்கல் நகர மாட்டேன்" என்று அவள் முதல் நாளே தன் வக்கீல் மைதீன் பாத்திமாவிடம் சொல்லிவிட்டாள்.

ராஜசிங் கெட்டவன் அல்ல. இருபது வருஷமாக டப்ளினில் இருக்கிறான். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு நிரந்தரம் சந்தாவைப் பரிசாகக் கட்டியவன் அவன்தான். தினமும் இந்தியச் சாயங்காலம் ஆறரைக்கு அப்பாவை போனில் அழைப்பான். அப்பாவும் தினமும் பேசுவார். அவர் போனபின் பெட்டி வந்தது. பெட்டியும், "வீடு உனக்குத்தான்ல" என்றது. அவன் நம்பினான். அப்பா சொன்னதை நம்புவது குற்றமா?

உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் தரும் சான்றான புரொபேட் கேட்டு ஜெபக்கனி மனு போட, ராஜசிங் பெட்டியோடு வந்து எதிர்த்தான்.

முதல் வாய்தாவில் உயிலின் சாட்சியான ஜெராக்ஸ் கடை செய்யது கூண்டில் ஏறினார்.

"உயிலில் என்ன எழுதியிருந்ததென்று தெரியுமா?" என்றார் கோமதிநாயகம்.

"தெரியாது சார்."

"தெரியாமலே கையெழுத்துப் போட்டீர்களா?"

"தெரிஞ்சிக்கிட்டுப் போட்டா அதுக்கும் திட்டுவாரு சார் அவரு. 'ஒம் வேல பாக்கது மட்டும்தான், படிக்கது இல்ல'ம்பாரு. நான் சாயங்காலம் கடைய அடைச்சிட்டு ஏழு மணிக்குப் போனேன். இன்னொரு சாட்சி, பல் டாக்டர் கம்பவுண்டரு, அவரும் இருந்தாரு. 'இருங்கடே'ன்னுட்டு இவரு உள்ள போயி பல்ல மாட்டிக்கிட்டு வந்தாரு. வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாரு. நாங்க பாத்தோம். நாங்க போட்டோம், அவரு பாத்தாரு. டீ கூடக் கொடுக்கல."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. கோமதிநாயகமும் சிரித்தார். "பல் மாட்டியது வழக்குக்குத் தேவையில்லாத தகவல்" என்று நீக்கச் சொன்னார். நீதிபதி வசந்தகோகிலா, "இருக்கட்டும், எழுதியாச்சு" என்றார்.

இன்று பெட்டியின் முறை.

நிரந்தரத்தின் ஆள் ஒருவர் டை கட்டி வந்திருந்தார். அவருடைய பதவி 'நினைவு நல்வாழ்வு மண்டல மேலாளர்'. பெட்டியின் மேல் கையை வைத்து, இது இறந்தவரின் குரல், சிந்தனை, தயக்கம், இருமல் எல்லாவற்றையும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சதவீதம் கொண்டது என்றார். மிச்சம் இரண்டு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

கோமதிநாயகம் எழுந்தார். அங்கியைச் சரிசெய்தார். "கனம் நீதிபதி அவர்களே! சாவு என்பது மனிதனின் உடலை வெல்லலாம். ஆனால் அவனது விருப்பத்தை..."

"கேள்வியக் கேளுங்க" என்றார் நீதிபதி.

கோமதிநாயகம் சாவை நடுவழியில் இறக்கிவிட்டுப் பெட்டியின் பக்கம் திரும்பினார். "ஐயா, பாளையங்கோட்டை வீடு யாருக்குப் போகவேண்டும் என்பது தங்கள் விருப்பம்?"

கண்ணாடிக்குள் முகம் மலர்ந்தது. "ராஜசிங்குக்குத்தான். அவந்தான எனக்கு இருக்கது. வீடெல்லாம் அவனுக்குத்தான்."

குரல் அப்படியே வேதமாணிக்கம். ராஜசிங் தலை கவிழ்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். கோமதிநாயகம் கைகளை விரித்துக்கொண்டு, மேற்கொண்டு என்ன இருக்கிறது என்பதுபோல நின்றார்.

ஜெபக்கனி மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'ச' வருகிற இடத்தில் காற்று கசிந்தது. 'த' ஈறில் வழுக்கியது. உதடு உள்ளே மடிந்து மடிந்து வந்தது. இருபத்தைந்து வருஷம் வாய்களோடு வாழ்ந்தவளுக்கு இது தெரியாமல் போகாது. அவள் பாத்திமாவின் கையைப் பிடித்தாள்.

"வக்கீலம்மா. மாமா பல்லு இல்லாம பேசுதாவ."

"அதனால என்னக்கா?"

"அதனாலதான் எல்லாமே. என்னையக் கூண்டுல ஏத்துங்க."

பாத்திமா ஐந்து வருஷ வக்கீல். எதிரில் நிற்பவரின் அங்கிக்கே அவளைவிட அனுபவம் அதிகம். ஆனால் ஜெபக்கனியின் பிடி விடுகிற பிடியாக இல்லை. ஏற்றினாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"அம்மா, எங்க மாமாவுக்குப் பல்லு செஞ்சு கொடுத்தது நாந்தான். மேல் செட்டு, கீழ் செட்டு. சாயங்காலம் ஆறு மணியாச்சுன்னா கழட்டிக் கிண்ணத்துல போட்டு என் மேஜைல வச்சிட்டு, வாயத் துண்டால பொத்திக்கிட்டு ரூமுக்குள்ள போயிருவாவ. கதவச் சாத்திக்கிட்டு ராஜசிங் தம்பிகிட்ட போன் பேசுவாவ. ஆனா காரியம்னா பல்லு இல்லாம வாயத் திறக்க மாட்டாவ. கையெழுத்துன்னா பல்லு. கோயிலுக்குன்னா பல்லு. கரண்ட் பில்லுக்காரரு வந்தாக்கூடப் பல்லு. 'பல்லு போட்டுச் சொன்னது பத்திரம், கழட்டிட்டுச் சொன்னது பேச்சு'ம்பாவ. இந்தப் பெட்டிக்குள்ள இருக்கது பல்லக் கழட்டுன மாமா. பத்திர எழுத்தரு இல்ல, தம்பிக்கு அப்பா. அவிய பிள்ளைக்கு ஆசையாச் சொன்னத எடுத்து உயில அடிக்கப் பாக்கிய."

கோமதிநாயகத்துக்கு இவ்வளவு நல்ல வாய்ப்பு அந்த வருஷத்தில் கிடைத்ததில்லை.

"சொத்துரிமைச் சட்டத்தில் பல் ஒரு தகுதியா? பல்லில்லாத குடிமகனின் விருப்பம் விருப்பமில்லையா? நாளை முடியில்லாதவர் சாட்சி செல்லாது என்பார்களா?" அவர் தலையிலும் அதிகமில்லை. ஆகவே கடைசிக் கேள்வியில் உண்மையான உணர்ச்சி இருந்தது. "மேலும், பல் மாட்டும் இந்தப் பழக்கத்துக்கு மனுதாரரின் வாயைத் தவிர வேறென்ன சாட்சி?"

"செய்யது இருக்கார்" என்றார் நீதிபதி, குறிப்பைப் புரட்டியபடி. "உங்க குறுக்கு விசாரணைலதான் சொன்னார். 'உள்ள போயி பல்ல மாட்டிக்கிட்டு வந்தாரு'. நீங்க நீக்கச் சொன்னீங்க."

கோமதிநாயகம் தண்ணீர் குடித்தார்.

"ஆனா அது மட்டும் போதாதும்மா" என்று நீதிபதி ஜெபக்கனியைப் பார்த்தார். "ஒருத்தர் பல்லில்லாமலும் மனசு மாறலாம். வீடு மகனுக்குன்னு நகல் தெளிவாச் சொல்லுது. இந்தச் சட்டப்படி நான் அதை எடை போட்டுத்தான் ஆகணும்."

"நான் ஒரு கேள்வி கேட்டுக்கிடட்டுமா அவியகிட்ட?"

"ஆட்சேபிக்கிறேன்!" கோமதிநாயகம் எழுந்தார். "வழக்கறிஞர் மூலமாகத்தான் நகலிடம் கேட்கலாம் என்பது மரபு. உறவினர் குரல் நகலைக் கலங்கடிக்கும்."

"தொண்ணூற்றெட்டு சதவீதம் அவரேதான்னு உங்க பக்கம்தான் சொன்னாங்க. சொந்த மருமக கேட்டா கலங்குற ஆளா அவர்? கேளுங்கம்மா."

ஜெபக்கனி பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். ஏழு மாதத்தில் அதன் முன் அவள் நின்றது அதுதான் முதல்முறை. ராஜசிங் அதைத் தன்னிடமே பூட்டி வைத்திருந்தான். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"மாமா. நான் ஜெபக்கனி. வீடு யாருக்கு எழுதினிய?"

கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டிருந்த முகம் சட்டென்று மாறியது. உதடுகள் இறுக மூடிக்கொண்டன. கை கிடையாது அதற்கு, இருந்திருந்தால் துண்டைத் தேடியிருக்கும்.

"இரும்மா. பல்லப் போட்டுக்கிடுதேன்."

அவ்வளவுதான். பிறகு ஒன்றுமில்லை. முகம் இருந்தது, பேச்சு இல்லை.

ஒரு நிமிடம் போயிற்று. மேலாளர் எழுந்து பெட்டியைத் தட்டினார். "நெட்வொர்க்கா இருக்கும்" என்றார். அணைத்து மறுபடி போட்டார். முகம் திரும்பச் சாந்தமாக வந்தது.

"மாமா, உயில்ல எழுதினதுக்கு அப்புறம் மனசு மாறினியளா?"

"இரும்மா. பல்லப் போட்டுக்கிடுதேன்."

உதடுகள் மறுபடி மூடிக்கொண்டன.

"மாமா, சாப்பிட்டியளா?"

"இரும்மா. பல்லப் போட்டுக்கிடுதேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஏழு மாதம் முன்பு புதைத்த மனிதர் கண்ணாடிக்குள் வாயை மூடிக்கொண்டு, இல்லாத கிண்ணத்திலிருந்து இல்லாத பல்லை எடுக்கப் போயிருந்தார்.

நீதிபதி மேலாளரைப் பார்த்தார். "ஏன் நிக்குது?"

மேலாளர் கையில் இருந்த கருவியைத் துழாவினார். "அம்மா... நகல் செய்ய எடுத்த அழைப்புகள் ஆயிரத்துச் சொச்சம். எல்லாமே திரு. ராஜசிங்கோட பேசினது. அதுல சிலது... நிறையவே... இந்த ஒரு வாக்கியத்தோட முடியுது. அதுக்குப் பிறகு போன் வச்சிடுறார்."

"நான் கதவத் தட்டுவேன்" என்றாள் ஜெபக்கனி. "கஞ்சி கொண்டு போவேன், இல்ல மாத்திரை. தட்டினதும் 'இரும்மா'ன்னு சொல்லிப் போன வச்சிட்டு, பல்ல எடுத்துட்டு வரச் சொல்லுவாவ. கதவிடுக்குல கிண்ணத்த நீட்டுவேன். போட்டுட்டுத்தான் கதவத் தொறப்பாவ. எங்கிட்ட பேசினது எதுவும் போன்ல இல்லம்மா. அதான் பெட்டிக்குள்ளயும் இல்ல."

"அதைச் சரிசெய்திடலாம்" என்றார் மேலாளர் அவசரமாக. "பல் இருக்கிற உச்சரிப்புக்கு ஒரு மாற்று அமைப்பு இருக்கு. ரெண்டே நிமிஷம். அந்த வாக்கியத்தையும் எடுத்துடலாம். அப்புறம் எல்லாருக்கும் தாராளமா பதில் சொல்வார்."

நீதிபதி பேனாவை வைத்தார். "ரெண்டு நிமிஷத்துல நீங்க அவருக்குப் பல்லும் வைப்பீங்க, பேச்சையும் மாத்துவீங்க. அப்புறம் அவர் சொல்றதை நான் அவருடைய விருப்பம்னு எழுதணும்."

மேலாளர் உட்கார்ந்தார். சில உண்மைகள் விற்பனை ஆர்வத்தில்தான் வெளியே வருகின்றன.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. எண்ணி ஒன்றரைப் பக்கம். இறந்தவர் தம் மகனிடம் அன்பாகப் பேசியதற்கு நகல் நல்ல சாட்சி. அவர் சொத்து விவகாரம் பேசும் மனிதராக இருந்தபோது என்ன நினைத்தார் என்பதற்கு அது சாட்சியே அல்ல, ஏனெனில் அந்த மனிதர் அதற்குள் இல்லை. அவர் நாலு பக்கத் தாளில் இருக்கிறார். தாள் பேசுகிறது. புரொபேட் வழங்கப்படுகிறது.

கோமதிநாயகம் வராந்தாவில் உயர் நீதிமன்றத்தை நோக்கிக் கை நீட்டி, "மேல்முறையீடு! இந்திய வரலாற்றிலேயே முதல்முறையாக..." என்று தொடங்கினார். ராஜசிங், "வேண்டாம் சார்" என்றான். வரலாறு அங்கேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராஜசிங் வீட்டுக்கு வந்தான். செவ்வாய்க்கிழமை விமானம். முன்னறையில் பிளாஸ்டர் வாய்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஜெபக்கனி ஒரு சின்ன ஸ்டீல் டப்பாவையும் ஒரு தாளையும் அவன் முன் வைத்தாள்.

"என்ன மதினி இது?"

"மாமாவோட பல்லு. மத்த அசையும் பொருள் யாவும் ஒனக்குத்தான எழுதியிருக்காவ? இதுவும் அசையும் பொருள்தான். பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு."

அவன் தாளை வாசித்தான். கடைசியில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்றிருந்தது. சிரிக்கத் தொடங்கி, பாதியில் முகம் கோணி, கையெழுத்துப் போட்டான்.

"அப்போ எங்கிட்ட சொன்னதெல்லாம் பொய்யா மதினி? ஆயிரம் நாளு. தினமும் வீடு உனக்கு, வீடு உனக்குன்னாரு."

ஜெபக்கனி டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். சட்டம் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை, தீர்ப்பிலும் இல்லை.

"பொய்யின்னு எதுக்குச் சொல்லுத? நான் பதினோரு வருஷம் கூட இருந்திருக்கேன். கஞ்சி ஊத்தியிருக்கேன், முதுகு தேச்சிருக்கேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எம் முன்னால பல்லில்லாம பேசினதில்ல. ஒங்கிட்ட மட்டுந்தான் அப்படிப் பேசியிருக்காவ. எனக்கு வீட்டக் கொடுத்தாவ. ஒனக்கு அதக் கொடுத்திருக்காவ."

ராஜசிங் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பல்லு போட்டா எப்படிப் பேசுவாரு?"

"கடிப்பாவ" என்றாள் ஜெபக்கனி. "மெழுகு ஒழுகுது, தண்ணி வீணாகுது, கணக்கா நிக்கத் தெரியல, ஒனக்கு எவன் தொழில் சொல்லிக் கொடுத்தான். பதினோரு வருஷமும் கடிச்சாவ. ஒரு நல்ல சொல்லு சொன்னதில்ல. நாலு பக்கம் எழுதி வச்சிட்டுப் போயிட்டாவ."

மணி ஆறரை ஆகியிருந்தது. ராஜசிங் பையிலிருந்து பெட்டியை எடுத்தான். "கடைசியா ஒரு தடவ போடுதேன். சந்தா இன்னையோட முடியுது. கேக்கியளா?"

அவள் ஸ்டூலை இழுத்து, பெட்டிக்குப் பின்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குக் கண் கிடையாது, காது மட்டுந்தான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பின்பக்கம்தான் உட்கார்ந்தாள்.

"அப்பா."

"சொல்லுல. அங்க குளிரா? ஸ்வெட்டர் போட்டியா?"

"போட்டிருக்கேன்ப்பா."

"வீடெல்லாம் ஒனக்குத்தான்ல. எப்ப வருவ?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜசிங் பெட்டியின் பக்கம் குனிந்தான். "அப்பா, மதினி எப்படி இருக்காவ?"

"அவளுக்கு என்னல. நாளு பூரா ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சுக்கிட்டுக் கெடக்கா. எந்தப் பல்லும் ஆடாது, அவ வச்சா. கெட்டிக்காரி." குரல் தணிந்தது. "அவ முன்னால வாய் விட்டுச் சிரிக்கணும்னு எனக்கு ஆசதான். பொக்கவாயோட சிரிச்சா மாமனாரு மாதிரியா இருக்கும்? எனக்கு அவகிட்ட வெக்கம்ல. பக்கத்துல இல்லேல்லா அவ?"

ராஜசிங் நிமிர்ந்து பார்த்தான். 'இல்லைன்னு சொல்லு' என்பதுபோல ஜெபக்கனி தலையை அசைத்தாள்.

"இல்லப்பா."

பெட்டிக்குள் வேதமாணிக்கம் சிரித்தார். காற்றும் உதடுமாக, பல்லே இல்லாத, குழந்தைச் சிரிப்பு. அந்த வாயை மெழுகில் அளந்தவள் அவள். அது இப்படிச் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

கோர்ட்டில் யாருக்கும் பயப்படாமல் பேசிய ஜெபக்கனி முந்தானையை உருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள். ஒரு சத்தம் வந்தால் போதும், அவர் பல்லைத் தேடப் போய்விடுவார்.